பின்பக்க இடது சக்கரத்து ஈரம்

தேவி, இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்காமல் அந்தக் கார்ச் சாவியைத் தொடாதே. உன் மாப்பிள்ளை கையில் இருந்தால் பிடுங்கி வை. "ஆரம்பிச்சுட்டாங்க அம்மா" என்று நீ உதட்டைச் சுழிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. நான் பயந்தாங்கொள்ளி என்பது இந்தப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுக்கத் தெரிந்த சங்கதி. பல்லி கத்தினால் பயம், போன் அடித்தால் பயம், நீ பஸ் ஏறினால் இறங்குகிறவரை பயம். அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துச் சிரித்துத் தள்ளிவிடுவாய் என்பதால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் வீட்டுப் போன் ஹாலில், அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் சொல்லப்போவதை அவர் காதில் விழும்படி சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எழுதி முடித்ததும் தபாலில் போடமாட்டேன். நீ வேலைக்காகத் தங்கியிருக்கிற கிள்ளானுக்குப் பஸ் ஏறி நானே கொண்டுவந்து உன் கையில் கொடுப்பேன். நீ படிக்கும்போது ஓரமாக நின்றுகொள்கிறேன். தயவுசெய்து என் முகத்தைப் பார்க்காமல் படி.

நேற்று சாயங்காலம் நீ போனில் பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் அப்பாவின் பழைய பச்சைக் காரில் நீங்கள் இரண்டு பேரும் கேமரன் மலைக்குப் போகப்போவதாகச் சொன்னாய். "வேணாம்டி" என்றேன். நீ பட்டியல் படிக்க ஆரம்பித்தாய். "ஏன்மா பயப்படுறீங்க? எல்லாம் மாத்தியாச்சு லா. மாஸ்டர் சிலிண்டர் புதுசு, கிளட்ச் சிலிண்டர் ரெண்டும் புதுசு, ஹோஸ் புதுசு, முன்னாடி பிரேக் மொத்தமும் புதுசு. பின்னாடி மட்டும்தான் தொடல." ஏன் தொடவில்லை என்று கேட்டேன். "அப்பாதான் சொன்னாரே, பின்னாடி சிலிண்டரு நல்லாத்தான் இருக்கு, அன்னிக்கு அவரு நட்ட இறுக்க மறந்ததுதான் பிரச்சினைன்னு. பட்டறை போர்மனும் பாத்துட்டு, காஞ்சுதான் இருக்குன்னாரு. நட்ட நானே ரெண்டு தடவ இறுக்கிட்டேன். அப்பா பண்ண தப்ப நான் பண்ணமாட்டேன், சரியா?" சொல்லிவிட்டு நீ சிரித்தாய். போனை வைத்த பிறகும் அதன் மேலிருந்து என் கை வரவில்லை. அப்பா பேப்பரிலிருந்து நிமிர்ந்து, "என்னவாம்?" என்றார். "ஒண்ணுமில்லைங்க, ரவிக்கை அளவு கேட்டா" என்றேன். பதினேழு வருடமாக நான் இந்த மாதிரிதான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கார் நம் வீட்டுக்கு வந்தபோது உனக்கு நாலு வயது. அப்பா ரயில்வே ஆபீசில் கிராணி, கணக்கெழுதுகிற வேலை. காகிதத்தைத் தவிர எதையும் பிரித்துப் பார்த்தறியாத கை அவருடையது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர், கிளட்ச் கெட்டுப் போனதென்று கைவிட்ட கார் அது. ரெண்டே சீட்டு, மடக்கி வைக்கிற கூரை. குவாட்டர்ஸ் வாசல்வரை அதைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் முறைத்தேன். மூன்று பேர் உள்ள வீட்டுக்கு ரெண்டு சீட்டுக் கார் எதற்கு என்று கேட்டேன். "பாப்பா உன் மடியில" என்றார் அப்பா, அதையெல்லாம் முன்பே யோசித்து வைத்தவர்போல. அதற்குப் பிறகு ஒரு வருடம் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தக் கார்தான்.

கிளட்சை மிதித்தால் மிதி தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். கியர் போட்டால் கரகரவென்று கத்தும். அப்பா விடாமல் நாலைந்து முறை மிதிப்பார், மிதி கொஞ்சம் மேலே வரும், கியர் விழும். சற்று நேரம் விட்டால் பழையபடி படுத்துவிடும். "பம்ப் பண்ணா வருது, விட்டா போவுது. அப்படின்னா ஒண்ணு காத்து உள்ள போவுது, இல்லாட்டி எண்ணெ வெளிய போவுது" என்று எனக்குப் பாடம் நடத்துவார். ஒரு நாள் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். கீழே இருந்த சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கிக் காட்டினார். உள்ளே ஈரம். என் விரலைப் பிடித்து அதில் வைத்தார். வழுவழுவென்று இருந்தது, லேசான மருந்து வாடை அடித்தது. "பாத்துக்கோ, ஈரம் எங்க இருக்கோ கோளாறு அங்கதான் இருக்கு" என்றார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரியாது என்று நான் பின்னால் சொல்லிக்கொண்டது பொய் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். எனக்குத் தெரியும். என் விரலுக்கே சொல்லிக் கொடுத்திருந்தார்.

புது சிலிண்டர் போட்டதும் குழாயிலிருந்து காற்றை எடுக்க வேண்டும், அதற்கு ரெண்டு பேர் வேண்டும். அந்த இன்னொரு ஆள் நான். நீ இப்போது போர்மனோடு செய்கிற அதே வேலைதான். அப்பா அடியில், காற்றை வெளியே விடுகிற நட்டைப் பிடித்தபடி இருப்பார், நான் மேலே மிதியில் இருப்பேன். "செருப்பக் கழட்டிடு, செருப்புக்கு ஒண்ணும் தெரியாது" என்பார். வெறுங்காலோடு உட்காருவேன். அவர் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். மூன்றே வார்த்தை. அமுக்கு. பிடி. விடு. 'பிடி' என்றதும் நான் அழுத்திப் பிடிப்பேன், அவர் நட்டைத் தளர்த்துவார், எண்ணெயோடு காற்றும் குமிழியிட்டு வெளியே போகும், மிதி என் காலோடு தரைக்கு இறங்கும். அவர் நட்டை இறுக்கிய பிறகுதான் 'விடு' என்பார். அதற்கு முன்னால் நான் காலை எடுத்தால் போன காற்று அத்தனையும் திரும்ப உள்ளே வந்துவிடும். ஒருமுறை பால் பொங்குகிற வாசனை வந்து எழுந்து ஓடிவிட்டேன். அத்தனை வேலையும் பாழ். திட்டுவார் என்று நினைத்தேன். "சரி விடு லா, மறுபடி செய்வோம்" என்றார். உன் அப்பாவுக்கு எல்லாவற்றுக்கும் அதுதானே. குடை தொலைந்தாலும் விடு லா, குழம்பு அடிப்பிடித்தாலும் விடு லா.

கிளட்ச் சரியானதும் பிரேக்குக்கு வந்தோம். நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகச் செய்து முடித்த பிறகும் மிதி பஞ்சுபோல இருக்கிறதென்று சொல்லி, முதலில் செய்த பின்பக்க இடது சக்கரத்தைக் கடைசியாக மறுபடியும் செய்தார். அமுக்கு என்றார், பிடி என்றார், நட்டை இறுக்கிவிட்டு விடு என்றார். அவர் 'விடு' என்றதை நான் கேட்டேன். அதற்குப் பிறகுதான் காலை எடுத்தேன். தேவி, இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், இதற்குத்தான் திரும்ப வரப்போகிறேன்.

அடுத்த ஞாயிறு காலை கோயில் வாசலில் காருக்குப் பூசை. நாலு டயருக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், தேங்காய் உடைத்தார்கள், இன்ஜின் மூடியில் மாலை போட்டார்கள். அப்பா காரை மெல்ல நகர்த்தி, பழம் நசுங்கியதும் நிறுத்தினார். யாரும் மிதித்துவிடக் கூடாதென்று நான் குனிந்து ஒவ்வொரு தோலாகப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். பின்பக்க இடது சக்கரத்துக்கு வந்தபோது டயரின் உள்பக்கத்தைப் பார்த்தேன். ஈரம். பிரேக்கை மூடியிருக்கிற டிரம்மின் கீழ் ஓரத்திலிருந்து ஒரு கோடு டயரின் மேல் இறங்கியிருந்தது. எலுமிச்சம்பழம் இருந்தது தரையில். ஈரம் இருந்தது அதற்கு ஒரு சாண் மேலே. விரலை வைத்தேன், வழுக்கியது. முகர்ந்தேன். எலுமிச்சை வாசனை இல்லை, அந்த மருந்து வாடை. நட்டு இருக்கிற இடத்தை எட்டிப் பார்த்தேன், அது காய்ந்து கிடந்தது.

நிமிர்ந்தேன். அப்பா ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. ஐயர், "கெளம்புங்க, பின்னாடி பாக்காம போங்க" என்றார். வண்டி கிளம்புகிற நேரத்தில் நல்ல வார்த்தை தவிர வேறு வார்த்தை வாயில் வரக்கூடாது, பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது என்று என் அம்மா என் மண்டையில் அடித்துச் சொல்லி வளர்த்திருந்தார். 'என்னங்க, இங்க ஈரமா இருக்கு' என்பது அபசகுனமான பேச்சாகிவிடுமோ என்று எனக்குப் பயம். பார்த்தாயா, பயம் எந்த இடத்தில் வர வேண்டுமோ அந்த இடத்தில் வராமல் வேறெதற்கோ வந்தது. விரலைப் பழத்தோலிலேயே தேய்த்துத் துடைத்துக்கொண்டேன். எலுமிச்சைச் சாறுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

பங்சார் மேட்டில் இருந்த அப்பாவின் ஆபீஸ் நண்பர் வீட்டுக்குக் காரைக் காட்டப் போனோம். ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது முதல் பிரேக் பிடித்தது. ரெண்டாவது, பாதி மிதித்த பிறகுதான் பிடித்தது. மூன்றாவது பிடிக்கவில்லை. அந்தக் காலத்துக் காரில் நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய், ஒரு ஓட்டை போதும். அப்பாவின் கால் தரையில் டக் டக்கென்று இடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. கீழே முச்சந்தியில் ஒரு பஸ் குறுக்காகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் கியரைக் கீழே இறக்கினார், கார் ஊளையிட்டது. கை பிரேக்கை இழுத்தார், எண்ணெயில் ஊறிய பிரேக் எப்படிப் பிடிக்கும்? கடைசியில் ஓரத்து மண்மேட்டில் காரை உரசவிட்டு, ஒரு சக்கரத்தைச் சாக்கடையில் இறக்கி நிறுத்தினார். உன் மோவாய் முன்பலகையில் மோதியது. என் பட்டுச்சேலையில் உன் ரத்தம். அவர் பாப்பா, பாப்பா என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் உனக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது, வெளியே பெஞ்சில் அவர் என்னிடம் கேட்டார். "பின்னாடி எடது சக்கரம்... அதத்தான் கடைசியா மறுபடி செஞ்சோம். நான் 'விடு'ன்னு சொன்னேனா? நட்ட இறுக்கினேனா, இல்லியா? எனக்கே ஞாபகம் வரமாட்டேங்குது. ஒனக்கு ஞாபகம் இருக்கா?" எனக்கு ஞாபகம் இருந்தது. இருக்கிறது என்று சொன்னால் நட்டு சரி என்று ஆகிவிடும். நட்டு சரி என்றால் அடுத்த கேள்வி, அப்புறம் எண்ணெய் எங்கே போனது? அதற்குப் பதில் என் விரல் நுனியில் இருந்தது. உள்ளே நீ வீரிட்டு அழுகிறாய். அவர் என் வாயையே பார்க்கிறார். "ஞாபகம் இல்லைங்க" என்றேன். அவ்வளவுதான். அவர் தலையாட்டினார். "அப்ப நான்தான் இறுக்கல" என்றார்.

அன்றைக்குப் பிறகு அவர் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொட்டதில்லை, நீயே பார்த்திருக்கிறாய். மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நிற்பார். வீட்டுக் கதவுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தண்ணீர்க் குழாயை இறுக்கி இறுக்கி வாஷரைக் கெடுப்பார். "அப்பா திருகினா கொழா அழும்" என்று நீ கேலி செய்வாய், நானும் உன்னோடு சேர்ந்து சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்கு எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும். போன மாதம் உன்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அத்தை உன் மோவாயைப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு என்ன தழும்பு?" என்று கேட்டாரே. நான் பலகாரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அப்பா எழுந்து நின்று, "என் கை வேலதாங்க. ஒரு நட்ட இறுக்காம விட்டுட்டேன்" என்றார். எழுந்து நின்று சொன்னார் தேவி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. நான் தட்டை அடுத்த ஆளிடம் நீட்டினேன்.

இதெல்லாம் என் வெட்கக்கேடு. அது இன்னும் முப்பது வருடம் என்னோடேயே கிடந்திருக்கும், எனக்கு அந்த அளவுக்கு நெஞ்சழுத்தம் உண்டு. நேற்று நீ பேசிய பிறகுதான் வேறொன்று உறைத்தது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அன்றைக்குக் காரைச் சாக்கடையிலிருந்து எடுத்து வந்த பிறகு, நட்டுதான் குற்றவாளி என்று அப்பா நம்பிவிட்டார். அதனால் அந்தச் சக்கரத்தின் சிலிண்டரை அவர் பிரிக்கவே இல்லை. நட்டை இறுக்கி, கித்தானைப் போட்டு மூடியதோடு சரி. குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்று பேச்சு வந்து, நீ லோரி வைத்துக் காரைக் கிள்ளானுக்குக் கொண்டுபோகிறவரை அதே சிலிண்டர்தான். இப்போதும் அதேதான். அன்றைக்கு ஒழுகியது அதுதான். பதினேழு வருடம் எண்ணெயே இல்லாமல் கிடந்தது காய்ந்துதான் இருக்கும், உன் போர்மனைச் சொல்லிக் குற்றமில்லை. இப்போது நீ புது எண்ணெய் ஊற்றியிருக்கிறாய். சும்மா நிற்கும்போது அது நல்ல பிள்ளையாக இருக்கும். மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும்போது நீ அமுக்குவாயே, அப்போதுதான் அதன் புத்தி தெரியும். உன் அப்பா உனக்குச் சொன்ன தவறான வைத்தியம் அவர் தப்பில்லை. நான் சொல்லாமல் விட்டதால் வந்தது.

அதனால் முதல் வேலையாகப் பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்று. டிரம்மை எடு. சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கிப் பார். ஈரம் இல்லாவிட்டாலும் நம்பாதே, மாற்று. வலதையும் மாற்று. புதுச் சாமான் வர எத்தனை வாரம் ஆனாலும் ஆகட்டும், கேமரன் மலை எங்கேயும் ஓடிவிடாது, பஸ்ஸும் போகிறது. மாற்றிய பிறகு மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நூறுவரை எண்ணு. வெறுங்காலோடு. மிதி மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. பூசை போட வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், எலுமிச்சம்பழமும் வை. ஆனால் நசுக்கிய பிறகு நாலு சக்கரத்தின் உள்பக்கத்தையும் குனிந்து பார். ஈரத்தைக் கண்டால், ஐயர் சொன்னாலும் ஆயிரம் பேர் காத்திருந்தாலும், வாயைத் திறந்து சொல். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது. இங்கே நிறுத்துகிறேன்.

மறுநாள் காலை. இது பஸ்ஸில் எழுதுவது, எழுத்து கோணல்மாணலாக இருக்கும். நேற்று அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது காகிதத்தை ஒளித்து வைக்கத்தான் எழுந்தேன். கை ஒளித்தது, வாய் சொல்லிவிட்டது. எப்படி ஆரம்பித்தேன் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவர் நின்றபடியே கேட்டார். முடித்த பிறகு ரெண்டே கேள்வி கேட்டார். "நட்டு காஞ்சிருந்துச்சா, நல்லாப் பாத்தியா?" பார்த்தேன் என்றேன். "டிரம் ஓரத்துலதான் ஈரமா?" ஆமாம் என்றேன். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. "பாப்பாவ அதுலயே ஏத்தி மலைக்கு அனுப்ப இருந்தனே" என்றார். உடனே போனை எடுத்து உன்னிடம், "அம்மா வர்ற வரைக்கும் கார எடுக்காத" என்றது அதனால்தான். காரணத்தை அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நான் என்று என்னிடம் விட்டுவிட்டார் போலிருக்கிறது. பிறகு கை கழுவப் போனார். குழாயை மூடினார். எப்போதும் இன்னொரு முறை இறுக்குவாரே, அதைச் செய்யவில்லை. நான் சமையலறை வாசலில் நின்று, அவர் "விடு லா" என்று சொல்வார் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சாப்பிடும்போது சொல்லவில்லை, படுக்கும்போதும் சொல்லவில்லை.

காலையில் நான் மட்டும் கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தில் பார்த்தால் பின்னால் அவர் நிற்கிறார், பழைய ஸ்பேனர் பையோடு. என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். பை மடியில் இருக்கிறது. இத்தனை தூரமும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இப்போது கிள்ளான் கட்டடங்கள் தெரிய ஆரம்பித்ததும் வாயைத் திறந்தார். என்னைப் பார்க்காமலேதான் சொன்னார்.

"புது சிலிண்டரு போட்டதும் காத்து எடுக்கணும். நான் அடியில போறேன். நீதான் மிதியில ஒக்காரணும். நான் சொல்ற வரைக்கும் விடாத."

பஸ் நிற்கப்போகிறது தேவி, இதை மடிக்கிறேன். உன் போர்மன் இருக்கட்டும், மிதியில் நான் உட்காருகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவேன். அவர் அடியிலிருந்து 'விடு' என்று சொல்கிறவரை, எத்தனை நேரமானாலும், நான் காலை எடுக்கமாட்டேன்.